கோழிக்கு வீட்டுச் சாப்பாடு: சமையலறை மிச்சத்தைத் தீனியாக்கும் முறை

கோழிக்கான பாத்திரம் அரிவாள்மணைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மற்ற எதையும் யோசிப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். எல்லாக் கழிவையும் ஒரே கூடையில் கொட்டிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து இது கோழிக்கு ஆகும், இது ஆகாது என்று பிரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. எங்கள் வீட்டில் ரெண்டு பாத்திரம். மூடி போட்ட அலுமினியச் சட்டி கோழிக்கு, பழைய பெயின்ட் வாளி எருக்குழிக்கு. காய் நறுக்கும்போதே எது எதில் விழ வேண்டும் என்பது முடிவாகிவிடும். சந்தேகமாக இருந்தால் வாளிக்குத்தான்.

ராசிபுரத்துக்கு வெளியே, கொல்லிமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறோம். பொடக்காலியில், அதாவது வீட்டுக் கொல்லையில், பத்துச் சிறுவிடை நாட்டுக்கோழி, ஒரு சேவல். நாமக்கல் வட்டாரம் முழுக்க முட்டைப் பண்ணைகள் என்பதால் மூட்டைத் தீவனம் எந்தக் கடையிலும் கிடைக்கும். இருந்தாலும் நாட்டுக்கோழிக்கு வீட்டிலேயே கலந்து போடுவதுதான் என் வழக்கம். அப்படிச் செய்ய வேண்டுமானால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். சமையலறையில் மிஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்தும் தண்ணீரும். சோறு, இட்லி, காய்த்தோல், தர்பூசணித் தோல் எல்லாம் அப்படித்தான். முட்டையிடும் கோழிக்கு வேண்டியதோ புரதமும் சுண்ணாம்புச் சத்தும். தீனியில் நூற்றுக்குப் பதினைந்து, பதினாறு பங்காவது புரதம் இல்லாவிட்டால் முட்டை குறையும், இறகு மங்கும், கோழிகள் ஒன்றை ஒன்று கொத்த ஆரம்பிக்கும். அரிசிச் சோற்றைக் காயவைத்துக் கணக்கிட்டாலும் ஏழு, எட்டு பங்குக்கு மேல் அதில் புரதம் கிடையாது. சோறு மட்டும் தின்று வளரும் பெட்டைக்கு வயிற்றில் கொழுப்புக் கட்டும், முட்டை நின்றுவிடும். ஆகவே மிச்சத்தை அப்படியே கொட்டுவது வேறு, அதை ஒரு வேளைச் சாப்பாடாக ஆக்குவது வேறு. நான் சொல்லப்போவது இரண்டாவது.

பயப்பட வேண்டியது உப்புக்கு

எல்லாரும் காரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கோழிக்குக் காரம் உறைக்காது. மிளகாயின் எரிச்சலை நாம் உணர்வதுபோலப் பறவைகள் உணர்வதில்லை. மிளகாய்ப் பழத்தைக் கிளி நிதானமாகக் கொத்தித் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். குழம்பு ஒட்டிய சோற்றில் கெடுதல் செய்வது உப்புதான். கோழித் தீவனத்தில் உப்பு அரை சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். நம் குழம்பிலும் பொரியலிலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். உப்பு மிஞ்சினால் கோழி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், எச்சம் தண்ணீராகப் போகும், கால் தள்ளாடும். குஞ்சுகள் சீக்கிரம் செத்துவிடும்.

குழம்புச் சோற்றைக் கழுவித்தான் போட வேண்டும். அகலமான சட்டியில் சோற்றைப் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, கையால் அலசி வடித்துவிடுங்கள். எண்ணெய் மிதப்பதும் அதோடு போய்விடும். இன்னொரு முறை தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு, பிழிந்து எடுங்கள். இட்லி, தோசையை விண்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் போதும். உப்புப் போடாத பழைய சோறு தங்கமான தீனி, அதைக் கழுவவே வேண்டாம். ஊறுகாய், அப்பளம், வடகம், உப்புக் கருவாடு, மிக்சர் இவற்றைக் கழுவிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. கோழி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

விசேஷ வீட்டுச் சாப்பாடு மிஞ்சினால் தெருவில் இருப்பவர்கள் அன்போடு கொண்டு வருவார்கள். போன தை மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு குண்டான் பிரியாணியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

“அக்கா, கோழிக்குப் போட்டுருங்க. வீணாப் போகுதுங்க.”

“இல்ல கண்ணு, இதுல உப்பும் எண்ணெயும் ரொம்ப இருக்கும். கோழிக்கறி வேற. உன் வீட்ல தேங்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, முட்டையோடு இருந்தாக் கொண்டா, சந்தோஷமா வாங்கிக்கறேன்.”

அன்று முதல் அந்தப் பெண் முட்டையோட்டைக் கழுவிக் காயவைத்துப் பையில் போட்டு வேலியில் மாட்டிவிட்டுப் போகிறது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு எது வேண்டும் என்று சொல்லிவிட்டால் கேட்டுச் செய்வார்கள். சொல்லாவிட்டால் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

வேகவைக்காமல் போடக் கூடாதவை

பருப்பும் பயறும் முதலில். துவரை, உளுந்து, மொச்சை, கொள்ளு எதுவாக இருந்தாலும் பச்சையாக இருக்கும்போது புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அவற்றில் இருக்கிறது. ராஜ்மா இன்னும் மோசம், பச்சை ராஜ்மாவில் இருப்பது நஞ்சு. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவையுங்கள். எங்கள் பக்கம் கொள்ளு ரசம் வைக்காத வீடு கிடையாது. ரசத்துக்குத் தண்ணீரை இறுத்தபின் நிற்கும் கொள்ளு, உப்புப் போடுவதற்கு முன் எடுத்துவைத்தால், கோழிக்கு முதல் தரமான புரதம்.

உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்த தோலும் முளையும் எருக்குழிக்கு. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நல்ல தோலை வேகவைத்துப் போடலாம். தக்காளி, கத்தரிக்காய் போடலாம், அவற்றின் இலையும் தண்டும் ஆகாது. பலாக்கொட்டையை வேகவைத்து நசுக்குங்கள். கொல்லிமலைப் பலா வரும் மாதங்களில் கொட்டையோடு, சுளையைச் சுற்றியிருக்கும் சடையும் நிறைய மிஞ்சும், சடையைப் பொடியாக நறுக்கிப் பச்சையாகவே போடலாம்.

மரவள்ளியைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வயலெல்லாம் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிதான், சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளும் நம் பக்கம்தான் அதிகம். கிழங்கிலும் இலையிலும் நசுங்கும்போது சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. சதையைவிடத் தோலில் அது கூடுதல். ‘ஆடு தின்னுது, மாடு தின்னுது’ என்று பச்சைத் தோலையும் இலையையும் கோழிக்குப் போடாதீர்கள். ஆடும் மாடும்கூடப் பச்சை இலையை வயிறு முட்ட மேய்ந்து செத்திருக்கின்றன. தோல் உரித்த சதையைத் துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில், மூடாமல் கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, சதையை மட்டும் மசித்துப் போடுங்கள். மூடக் கூடாது என்பதற்குக் காரணம், அந்த நஞ்சு ஆவியோடுதான் வெளியேற வேண்டும். ஆலையில் மாவு எடுத்தபின் மிஞ்சும் காய்ந்த சக்கையான திப்பி மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக வாங்கி வைப்பவர்கள் உண்டு. அதில் இருப்பது மாவுச்சத்தும் நாரும் மட்டும். மாட்டுக்குச் சரி. கோழிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கலந்தால் வயிறு நிறையும், சத்து சேராது.

மீன் தலை, குடல், செதில் கழுவிய மிச்சம் எல்லாவற்றையும் ஒரு பழைய பாத்திரத்தில் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். மேட்டூர் ஜிலேபி மீன் தலை நன்றாக வெந்ததும் கரண்டியால் நசுக்கினாலே உடைந்துவிடும். கூர்மையான முள்ளை மட்டும் எடுத்துவிட்டுத் தவிட்டில் பிசையலாம். வாரம் ஒரு முறை போதும். தினமும் மீன் போட்டால் முட்டையில் வாடை வரும். ஆட்டுக்கறி மிச்சத்துக்கும் இதே முறைதான், வேகாமல் எதுவும் கூடாது.

கோழிக்கறிக் கழிவை மட்டும் வேகவைத்தும் போடுவதில்லை. கடையில் வாங்கிய கறியைக் கழுவின தண்ணீரைக்கூடக் கோழி திரியும் இடத்தில் ஊற்றாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் கிருமி அந்த வழியாக வீட்டுக்குள் வரும், வந்தால் ஒரு வாரத்தில் கூடே காலியாகும். கறிவெட்டின பலகையைக் கழுவும் இடமும் கோழித் தொட்டியும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். இதெல்லாம் வீண் பயம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 2001-இல் நாடு முழுக்கப் பரவிய கோமாரி நோய், சரியாகக் கொதிக்கவைக்காத மிச்ச உணவைத் தின்ற பன்றிகளிடமிருந்து கிளம்பியது. இன்றைக்கும் அங்கே, விலங்குப் பொருளே புழங்காத வீடுகளைத் தவிர, வீட்டுச் சமையலறை மிச்சத்தைக் கோழிக்குப் போடுவது சட்டப்படி தடை. நமக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே பொறுப்பு நம் கையில்தான் இருக்கிறது.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. வேகாத அரிசியைக் கோழி தின்றால் வயிற்றில் ஊதி வெடிக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி ஒன்றும் ஆகாது. நொய், குருணை, நெல் எல்லாம் பச்சையாகவே போடலாம்.

வாளிக்கு மட்டுமே போக வேண்டியவை: டீத்தூள், காபித்தூள், சாக்லேட், பொரித்த எண்ணெய், புளிச்சக்கை, எலுமிச்சைத் தோல், நிறைய வெங்காயம். ஏற்காட்டுப் பக்கமிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டின் தோல், கொட்டை, சதை எதுவும் பறவைக்கு ஆகாது, அதன் இதயத்தைப் பாதிக்கும்.

பூசணம் பிடித்த புண்ணாக்கு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. வீட்டுத் தீனிக்கு அதுதான் முதுகெலும்பு. அதே புண்ணாக்கு ஈரத்தில் கிடந்தால் அதில் வளரும் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் கொண்டுபோய் விட்டது. அஃப்ளடாக்சினைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். அது கல்லீரலைத் தாக்கும். வாத்தும் வான்கோழியும் சீக்கிரம் சாகும். கோழி அவ்வளவு சீக்கிரம் சாகாது, ஆனால் மெல்ல மெல்ல இளைத்து, முட்டை குறைந்து, எந்த நோயையும் தாங்காமல் போகும்.

நம் அடுப்புச் சூட்டில் இந்த நஞ்சு அழியாது. பூசணத்தைத் துடைத்துவிட்டு வேகவைத்தாலும் பயனில்லை. வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், ஏற்கெனவே உண்டான நஞ்சு போகாது. புண்ணாக்கு வாங்கும்போது ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். உடைந்த இடம் ஒரே நிறமாக, எண்ணெய் மணத்தோடு இருக்க வேண்டும். பச்சை, சாம்பல், கறுப்புத் திட்டு தெரிந்தாலோ, புழுங்கல் வாடை அடித்தாலோ அந்தச் சிப்பத்தையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செக்கில் நேராக ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, மூடியுள்ள டின்னில், தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்கிறேன். மக்காச்சோளத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அரை மாதத்துக்கு மேல் எதையும் சேர்த்து வைக்காதீர்கள். காய்ந்துபோன ரொட்டி, பிரெட், சப்பாத்தியும் இதில்தான் சேரும். பூசணம் ஒரு ஓரத்தில் தெரிந்தாலும் முழுசும் வாளிக்கு.

தவிட்டின் கதை வேறு. எண்ணெய் எடுக்காத தவிடு சில நாளிலேயே காறிவிடும். நாக்கில் ஒரு சிட்டிகை வைத்துப் பாருங்கள், கசந்தால் பழசு. ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம்.

பத்துக் கோழிக்கு ஒரு நாள் கலவை

பகலில் மேயும் பத்துச் சிறுவிடைக்கு நான் போடும் அளவு இது. பண்ணையில் இருக்கும் லேயர் கோழியை வாங்கி வளர்ப்பவர்கள் இதை நம்பியே இருக்காதீர்கள். வருஷத்துக்கு முந்நூறு முட்டை இடும் கோழிக்கு லேயர் தீவனம்தான் முக்கியச் சாப்பாடு, வீட்டு மிச்சம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

காலையில்:
கழுவிப் பிழிந்த சோறு அல்லது இட்லி, 300 கிராம்.
தவிடு, 150 கிராம்.
புண்ணாக்கு, 100 கிராம். இதில் எழுபது கடலை, முப்பது எள்ளு.
கொள்ளு, 100 கிராம், ஊறவைத்து வேகவைத்தது. எடை ஊறுவதற்கு முன்.
முருங்கைக்கீரை உருவியது, ரெண்டு கை நிறைய.
மிஞ்சின காய்த்தோல், பொடியாக நறுக்கி ஒரு கை.

சாயங்காலம்:
கம்பு, சோளம், மக்காச்சோளக் குருணை எது இருக்கிறதோ, 400 கிராம்.

எள்ளுப் புண்ணாக்கு எதற்கு என்றால், கடலையிலும் கொள்ளிலும் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற புரதக்கூறு எள்ளில் நன்றாக இருக்கிறது. இறகுக்கும் முட்டைக்கும் அது வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் இந்தக் கலவையில் புரதம் பதினைந்து பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். மீதியைப் புழு பூச்சி பார்த்துக்கொள்ளும். இறகு உதிர்க்கும் காலத்தில் இது போதாது. இறகு என்பதே பெரும்பாலும் புரதம்தான், ஆகவே அந்த வாரங்களில் சோற்றைப் பாதியாகக் குறைத்து, கொள்ளையும் மீனையும் கூட்டுங்கள்.

புண்ணாக்கை முந்தின இரவே கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்தால் காலையில் தானாகக் கரைந்திருக்கும். கொள்ளு, சோறு, கீரை சேர்த்து, கடைசியில் தவிட்டைத் தூவிப் பிசையுங்கள். பதம்தான் இதில் முக்கியம். புட்டு மாவு போல, பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும். கூழாக இருந்தால் அலகிலும் மூக்குத் துளையிலும் அப்பிக்கொள்ளும், கோழி தலையை உதறி உதறிப் பாதியை வீணாக்கும். தண்ணீர் அதிகமாகிவிட்டால் இன்னொரு பிடி தவிடு. உப்பில்லாத மோர் இருந்தால் தண்ணீருக்குப் பதில் ஊற்றலாம். பாலாக ஊற்றாதீர்கள், செரிக்காது, கழியும்.

ஈரத் தீனி காலையில் மட்டும்தான். வெயில் ஏறுவதற்குள், ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு வைத்து, மிச்சத்தை எடுத்து எருக்குழியில் போட்டு, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். புளித்த மிச்சம் ஈயையும், ராத்திரியில் பெருச்சாளியையும் கூப்பிடும். தானியத்தைச் சாயங்காலம் போடுவதற்குக் காரணம் உண்டு. முழுத் தானியம் மெல்லத்தான் அரையும், ராத்திரி முழுக்க வயிற்றில் வேலை நடந்துகொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் தீனி செரிக்கும் சூடும் கோழிக்குப் பாரம் என்பதால், விடியும்போதே காலைத் தீனியை வைத்துவிட வேண்டும். நடுப்பகலில் தர்பூசணித் தோல், வெள்ளரி, முலாம்பழ விதை மட்டும்.

முட்டையோடு

ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறக்குறைய ரெண்டு கிராம் கால்சியம் போகிறது. அது தீனியில் வராவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். முட்டையோட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, உரலில் இடித்து வையுங்கள். ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு உடைய வேண்டும். பாதி ஓட்டை அப்படியே வீசினால் கோழி முட்டையையே உடைத்துத் தின்னப் பழகும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். மிகவும் மாவாகவும் வேண்டாம், குருணையாக இருந்தால் வயிற்றில் மெல்லக் கரையும். ஓடு உருவாவதற்குச் சுமார் இருபது மணி நேரம் ஆகிறது, பெரும்பகுதி ராத்திரியில். அதனால் இதைச் சாயங்காலம் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். தீனியில் கலப்பதில்லை. வேண்டிய கோழி வந்து எடுத்துக்கொள்ளும், சேவலுக்கும் குஞ்சுக்கும் அது வேண்டாம். ஓடு போதாவிட்டால் தீவனக் கடையில் இடித்த கிளிஞ்சல் கிடைக்கும். சுட்ட சுண்ணாம்பு வேறு பொருள், அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

நார், நூல், ரப்பர் பேண்ட்

கோழிக்குப் பல் கிடையாது. தின்றது முதலில் கழுத்துக்குக் கீழே உள்ள இரைப்பையில் சேர்ந்து, ஊறி, அப்புறம் கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துத் தருகிற அந்தக் கெட்டியான சதையில் போய், விழுங்கின சிறு கற்களோடு சேர்ந்து அரையும். நீளமான நார் இரைப்பையில் சுருண்டு பந்தாகிவிட்டால் கீழே இறங்காது. கீரைத்தண்டு, பீர்க்கங்காய் நரம்பு, வாழைப்பூ நார், கருவேப்பிலை ஈர்க்கு எல்லாவற்றையும் அரை விரல் நீளத்துக்குக் குறைவாக நறுக்குங்கள். முட்டைக்கோஸின் வெளி இலையை மட்டும் நறுக்காமல் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம், தொங்கும் இலையைக் கோழி கிழித்துக் கிழித்துத் தின்னும்.

கீரைக்கட்டில் வரும் ரப்பர் பேண்டையும், வாழைநாரையும், பால் பாக்கெட்டில் கத்தரித்த மூலையையும், பொட்டலத்து நூலையும், பின்னையும் சட்டியில் விழ விடாதீர்கள். பிசையும்போது கையால் பிசைவதற்கு இதுதான் காரணம், விரலில் தட்டுப்பட்டுவிடும்.

சாயங்காலம் அடையும்போது கோழியைப் பிடித்து இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்து மார்போடு சேரும் இடத்தில், கொஞ்சம் வலப்பக்கமாக, தோலுக்கு அடியில் இருக்கும். நிறைந்து, விரலால் அழுத்தினால் தானியம் நெருடும். விடியற்காலையில் கூட்டைத் திறக்கும் முன் அதே இடம் தட்டையாக, ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். காலையிலும் கல்லாகக் கெட்டியாக இருந்தால் அடைப்பு. தளதளவென்று பலூனாக இருந்து, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே புளித்திருக்கிறது. ரெண்டுக்குமே அன்றைக்குத் தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைப்பவர்கள் உண்டு. மூச்சுக்குழாயில் இறங்கிக் கோழி செத்துப்போகும்.

எச்சமும் நிறையச் சொல்லும். உருட்டாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருந்தால் தீனி சரி. வெறும் தண்ணீராக இருந்தால் முந்தின நாள் போட்டதில் உப்பா, தர்பூசணியா என்று யோசியுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, கோழி குன்னிப்போய் நின்றால் அது தீனி விஷயம் அல்ல, நோய். தடுப்பூசிக்குப் பதிலாக எந்தச் சாப்பாடும் நிற்காது.

குஞ்சும் கரையானும்

குஞ்சுக்கு வீட்டுச் சோறு தீனி ஆகாது, முதல் ரெண்டு மாதம் அதற்குப் பெரிய கோழியைவிடக் கூடுதல் புரதம் வேண்டும். குஞ்சுத் தீவனம் வாங்கிப் போடுவதே நல்லது. அதோடு, வேகவைத்த முட்டையை நன்றாக மசித்து நொய்யில் புரட்டிக் கொடுக்கலாம். கிளிஞ்சல், முட்டையோடு எதுவும் வேண்டாம், வளரும் வயதில் கூடுதல் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துக்குள் வைத்துத் தனியாகப் போட்டால்தான் பெரிய கோழிகள் பிடுங்காது.

குஞ்சுக்குக் கரையானுக்கு மேல் ஒன்றும் இல்லை. செலவும் கிடையாது. வாய் உடைந்த பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு, மக்காச்சோளத் தட்டை எது இருந்தாலும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் புற்று இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். சுற்றிலும் ஈரமண் அணைத்து, நாய் தள்ளாமல் ஒரு கல் வைத்துவிடுங்கள். மறுநாள் விடிந்ததும் நிமிர்த்தினால் சாக்கு முழுக்கக் கரையான் நெளியும். குஞ்சுகளுக்கு நடுவில் கொண்டுபோய் உதறினால் போதும். தாய்க்கோழி ஒவ்வொன்றாகக் கொத்தி, அலகிலிருந்து கீழே போட்டு, தாழ்ந்த குரலில் கூப்பிடும். குஞ்சுகள் ஓடி வந்து அதன் அலகைப் பார்த்துத்தான் தின்னக் கற்கும். வீட்டுச் சுவர்ப் பக்கம் மட்டும் பானையை வைக்காதீர்கள்.

புழு நல்லதுதானே என்று செத்த எலி, பெருச்சாளியில் நெளியும் புழுவைத் தின்ன விடக் கூடாது. அழுகிய சதையில் உண்டாகும் ஒருவகை நஞ்சு அந்தப் புழுவிலும் இருக்கும். தின்ற கோழி கழுத்தைத் தூக்க முடியாமல் படுத்துவிடும். செத்ததைக் கண்டால் உடனே ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

ரெண்டு நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் ஈரத் தீனிக்கு வழியே இல்லை. தொங்கும் டப்பாவில் காய்ந்த கலவையும், நிழலில் ரெண்டு இடத்தில் தண்ணீரும் வைத்து, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் கூட்டை அடைத்து, தண்ணீரை மாற்றினால் போதும் என்று சொல்லிவைப்பேன். பாவம் பசிக்குமே என்று சோறு எதுவும் வைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.